எர்த் புரோப் டாம்ஸ், 2000-க்குப் பிறகு: ஓசோன் குறைந்ததா, கருவி தேய்ந்ததா?

#1 கதிரொளி

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் இறுதியாண்டுத் திட்டத்துக்காக இரண்டு மாதமாக ஓசோன் தரவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வட அரைக்கோளத்தில் 50 பாகை அட்சரேகையை ஒட்டிய பட்டைக்கு, மொத்த ஓசோனின் மாதச் சராசரியை 1978 முதல் ஒரே கோடாக வரைய வேண்டும். நிம்பஸ்-7, மீட்டியோர்-3, எர்த் புரோப் என்ற மூன்று செயற்கைக்கோள்களிலும் பறந்த, மொத்த ஓசோனை அளக்கும் டாம்ஸ் கருவிகளின் தரவு, அதற்குப் பின் ஔரா செயற்கைக்கோளில் அதே வேலையைச் செய்யும் ஓ.எம்.ஐ. கருவி. இவற்றைத்தான் ஒட்டியிருக்கிறேன்.

சிக்கல் எர்த் புரோப்பில். 2000-க்குப் பிறகு கோடு மெல்லக் கீழே சாய்கிறது. 2004 கடைசியில் ஓ.எம்.ஐ. தொடங்கும் இடத்தில் படி ஏறியது போல மேலே போகிறது. என் நிரலில் தவறு இருக்கும் என்று மூன்று முறை புதிதாக எழுதிப் பார்த்துவிட்டேன். அதே சாய்வு, அதே படி. அந்த நான்கு வருடம் அங்கே உண்மையிலேயே ஓசோன் குறைந்ததா?

#2 தென்றல்

எர்த் புரோப் கோப்புகளை எங்கிருந்து எடுத்தீர்கள்? எந்த வருடம் இறக்கியவை?

#3 கதிரொளி

துறையில் முன்பு படித்த அண்ணன் ஒருவரின் ஹார்ட் டிஸ்கில் இருந்தவை அக்கா. கோப்புத் தேதி 2006 என்று இருக்கிறது.

#4 தென்றல்

அப்படியானால் உங்கள் நிரல் சரி, கோப்புதான் பழையது. எர்த் புரோப் டாம்ஸின் முன்புறம் இருக்கும் வருடு கண்ணாடி, அதாவது பூமியை இடமிருந்து வலமாகத் துழாவும் கண்ணாடி, 2000 வாக்கிலிருந்து சீரில்லாமல் கெட ஆரம்பித்தது. கண்ணாடி முழுவதும் ஒரே அளவில் மங்கியிருந்தால் சமாளித்திருக்கலாம். ஒரு கோணத்தில் ஒரு மாதிரி, இன்னொரு கோணத்தில் வேறு மாதிரி மங்கியது. அதனால் பிழை அட்சரேகைக்குத் தகுந்தபடி மாறியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 50 பாகையை எட்டும்போது 2 முதல் 4 சதவீதம் குறைவாகக் காட்டியது. நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பதே அந்த 50 பாகையைத்தான்!

இதையே நம் கோடைக்கானலுக்குச் செய்திருந்தால் உங்களுக்கு இந்தச் சாய்வு கண்ணில் பட்டிருக்காது. அங்கே 1957 முதல் டாப்சன் கருவியில், அதாவது தரையிலிருந்து சூரிய ஒளியைப் பார்த்து ஓசோனைக் கணக்கிடும் கருவியில், அளந்திருக்கிறார்கள். 10 பாகை அட்சரேகை என்பதால் எர்த் புரோப்பின் இந்த நோய் அங்கே தெரியாது.

நாசா குழு 2007-ல் திருத்திய பதிப்பை வெளியிட்டது. அதை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்தத் திருத்தம் நோவா-16 செயற்கைக்கோளில் இருந்த எஸ்.பி.யு.வி/2 என்ற வேறொரு ஓசோன் கருவியை வைத்துச் செய்தது. கோடு நேராகிவிடும், சரி. அந்த நேர்மை எர்த் புரோப்பின் சொந்தச் சரக்கு அல்ல, நோவா-16-இடம் வாங்கிய கடன். நீண்டகாலப் போக்குக்கு அதைத் தனிச் சான்றாக எண்ணாதீர்கள்.

#5 கதிரொளி

மிக்க நன்றி அக்கா. இரண்டு மாதம் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி. இந்தக் கருவிகள் பூமியிலிருந்து வரும் ஒளியைச் சூரிய ஒளியால் வகுத்துத்தானே ஓசோனைக் கணக்கிடுகின்றன? கண்ணாடி மங்கினால் இரண்டும் சேர்ந்துதானே குறையும்? வகுத்தால் அடிபட்டுப் போக வேண்டாமா?

#6 பழைய மானி

தம்பி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஓசோன் புற ஊதாவை உறிஞ்சும். குறைந்த அலைநீளத்தில் நிறைய, கூடிய அலைநீளத்தில் கொஞ்சம். நிம்பஸ்-7 டாம்ஸ் 312.5 முதல் 380 நானோமீட்டர் வரை ஆறு அலைநீளங்களில் பூமியைப் பார்த்தது. திரும்பி வரும் ஒளி ஓர் அலைநீளத்தில் எவ்வளவு, இன்னொன்றில் எவ்வளவு என்ற விகிதத்திலிருந்து ஓசோன் கிடைக்கிறது. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றையும் சூரியனால் வகுக்கிறார்கள். கண்ணாடி, ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரிக்கும் கிரேட்டிங், ஒளியுணரி எல்லாம் இரண்டு அளவுக்கும் பொது. அவற்றின் தேய்மானம் வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

ஆனால் சூரியனைக் கருவி நேராகப் பார்க்க முடியாது, அவ்வளவு பிரகாசம். அதனால் நடுவில் ஒரு டிஃப்யூசர் தகட்டை நீட்டி, அதில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்க்கும். அந்தத் தகடு சூரியப் பாதையில் மட்டுமே இருக்கிறது, பூமிப் பாதையில் இல்லை. அதன் தேய்மானம் அடிபடவே படாது. எர்த் புரோப் கண்ணாடிக்கும் இதே கணக்குதான். சூரியனைப் பார்க்கும்போது கண்ணாடி நிற்கும் கோணம் ஒன்று, பூமியைத் துழாவும் கோணங்கள் பல. கோணத்துக்குக் கோணம் மங்கல் வேறுபட்டால் பொதுக் காரணி என்று எதைச் சொல்வது?

தகடு ஏன் கெடுகிறது? விண்கலத்தின் பிசின்கள், பசைகள், கம்பி உறைகள் எல்லாம் வெற்றிடத்தில் ஆவி விடும். அது தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். சூரியனின் கடுமையான புற ஊதா பட்டு அந்தப் படலம் இறுகிக் கறுக்கும். குறைந்த அலைநீளத்தில் கறுப்பு அதிகம், கூடிய அலைநீளத்தில் குறைவு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தகடு கறுத்ததை நாம் கவனிக்கவில்லை என்றால் சூரியன் மங்கியதாகத் தோன்றும். மங்கிய சூரியனால் வகுத்தால் பூமி பிரகாசமாகத் தெரியும், அதுவும் குறைந்த அலைநீளத்தில் கூடுதலாக. குறைந்த அலைநீளத்தில் கூடுதல் ஒளி வந்தால் அங்கே உறிஞ்ச ஆளில்லை, ஓசோன் குறைந்துவிட்டது என்று நிரல் முடிவு கட்டும். தகட்டின் அழுக்கு வானத்தின் இழப்பாக மாறிவிடுகிறது.

என் அனுபவம் ஒன்று. ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பல வருடம் நிறமாலைமானிகளைப் பராமரித்தேன். எதிரொளிப்பு அளக்க வெள்ளைத் தகடு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தோம். அதை விளக்குக்கு அடியிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கம். எட்டு மாதம் எங்கள் மாதிரிகள் எல்லாம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தன. உற்பத்திப் பிரிவோடு பெரிய சண்டை. கடைசியில் பெட்டியில் மூடி வைத்திருந்த மாற்றுத் தகட்டை எடுத்து அருகில் வைத்தபோதுதான் தெரிந்தது, விளக்கடியில் இருந்தது பழுப்பேறியிருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எட்டு மாதம் யாருக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கத் தோன்றவில்லை.

#7 சூரியா

படித்ததும் ஒரு கவலை வருகிறது. நிம்பஸ்-7-ல் ஒரே தகடுதானே இருந்தது? அப்படியென்றால் 1980-களில் உலகமே பயந்த ஓசோன் சரிவு தகட்டின் சரிவுதானா? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

#8 பழைய மானி

பாதி சரி, பாதி இல்லை. இந்தக் கதையை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை, அதனால் சொல்கிறேன்.

நிம்பஸ்-7 1978 அக்டோபரில் ஏவப்பட்டது. டாம்ஸ், எஸ்.பி.யு.வி. இரண்டு கருவிகளுக்கும் சேர்த்து ஒரே தகடு. மாற்றுத் தகடு கிடையாது. 1986 வாக்கில் காப்பகத்தில் இருந்த எஸ்.பி.யு.வி. தரவு உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் ஓசோன் குறைவதாகக் காட்டியது. எட்டு வருடத்தில் எட்டு சதவீதம்! நிலத்திலிருந்த டாப்சன் நிலையங்கள் அந்த வேகத்தைக் காட்டவில்லை. எது உண்மை என்று பார்க்க நாசாவின் ராபர்ட் வாட்சன் தலைமையில் ஓசோன் போக்குக் குழு அமைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இரண்டு பக்கத் தரவையும் பிரித்து மேய்ந்தார்கள்.

பிரச்சினை இதுதான். சூரிய சமிக்ஞை குறைகிறது. அந்தக் குறைவில் தகட்டின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு? தகட்டை அடிக்கடி வெயிலில் நீட்டிய காலங்களில் சமிக்ஞை வேகமாக விழுந்தது, அரிதாக நீட்டிய காலங்களில் மெதுவாக. அதை வைத்துப் பங்கு பிரிக்கப் பார்த்தார்கள். ஆனால் ஒரே தரவுக்குப் பல பங்கீடுகள் பொருந்தின. காப்பகத் தரவில் பயன்படுத்தியிருந்தது அவற்றில் ஒன்று மட்டுமே, அதுவும் தகட்டின் கறுப்பைக் குறைத்து மதிப்பிட்ட ஒன்று.

1988 மார்ச்சில் குழு முடிவைச் சொன்னது. செயற்கைக்கோளை டாப்சன் வலையமைப்போடு பொருத்திய பிறகு, 53 வடக்கு முதல் 53 தெற்கு வரை, 1978 அக்டோபரிலிருந்து 1985 அக்டோபர் வரை ஏறத்தாழ 2.5 சதவீதக் குறைவு. எனவே சொல்லப்பட்ட வேகம் தவறு, சரிவு உண்மை. டாப்சன் பதிவுகளையும் நிலையம் நிலையமாகத் திருத்தி எடுத்தபோது வட அரைக்கோள நடு அட்சரேகைகளில் 1969 முதல் 1986 வரை 1.7 முதல் 3 சதவீதம் குறைந்திருந்தது.

அண்டார்டிக் ஓட்டையைத் தகட்டின் தலையில் கட்ட வழியே இல்லை. அங்கே செப்டம்பர், அக்டோபரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது, கோடை நெருங்கும்போது திரும்பி வருகிறது. கறுத்த தகடு வருடா வருடம் நவம்பரில் வெளுத்துக்கொள்ளாது.

#9 சூரியா

நவம்பர் வாதம் ஒன்றே எனக்குப் போதும். நன்றி ஐயா.

ஆனால் இன்னொன்று தோன்றுகிறது. கடைசியில் காப்பாற்றியது நிலத்துக் கருவிதானே? பேசாமல் எல்லாச் செயற்கைக்கோளையும் டாப்சனோடு பொருத்திவிட்டால் வேலை முடிந்ததே. வானத்தில் பறப்பதைப் போய்த் துடைக்க முடியாது. தரையில் இருப்பதைத் துடைக்கலாம், பழுது பார்க்கலாம், ஹவாய்க்குக் கொண்டு போய்ச் சோதிக்கலாம்.

#10 தென்றல்

இங்கேதான் நான் மாறுபடுகிறேன் சூரியா.

தரைக் கருவியும் மனிதர் கையில்தான் இருக்கிறது. 1983 அக்டோபரில் அண்டார்டிகா மேல் டாம்ஸ் கண்ட அளவுகள் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. 180 டாப்சன் அலகுக்கு (ஓசோன் அளவைச் சொல்லும் அலகு) கீழே போனால் கொடி குத்தி வைக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. கொடி குத்தியவை குவிந்தன. நாசாவின் கோடார்டு மையத்தில் இருந்த குழு அவற்றைத் தூக்கி எறியவில்லை, சரிபார்க்கத் தென் துருவ நிலையத்தின் டாப்சன் அளவை எடுத்துப் பார்த்தது. அங்கே பதிவானது 300-ஐ ஒட்டி! பிறகுதான் தென் துருவத்திலிருந்து வந்த அந்த அளவுகளில் பிழை என்று தெரிந்தது. இடையில் 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் அண்டார்டிகாவில் உள்ள ஹாலி நிலையத்து டாப்சன் பதிவை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் குழுவின் பவன் பார்த்தியா அதே ஆகஸ்டில் பிராக் மாநாட்டில் டாம்ஸ் படத்தைக் காட்டினார். ஒரு டாப்சன் உண்மையைச் சொன்னது, இன்னொரு டாப்சன் குழப்பியது. "நாசா கணினி ஓட்டையை அழித்துவிட்டது" என்று இன்றும் பரவும் கதை தவறு. அந்தக் குழுவுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. செயற்கைக்கோளைத் தரையோடு பொருத்திவிட்டு, பிறகு "இரண்டும் ஒத்துப்போகின்றன" என்று சொன்னால் அதில் சான்று எங்கே இருக்கிறது? அதனால்தான் 1990-களின் தொடக்கத்தில் டாம்ஸ் ஆறாம் பதிப்புக்குத் தரையைத் தொடாத வழி ஒன்றைத் தேடினார்கள். வேறு வேறு அலைநீள ஜோடிகளிலிருந்து தனித்தனியே ஓசோனைக் கணக்கிட வேண்டும். வானத்தில் இருக்கும் ஓசோன் ஒன்றே, எந்த ஜோடியும் அதையே சொல்ல வேண்டும். ஜோடிகளுக்குள் வருடா வருடம் வேறுபாடு வளர்ந்தால் அது கருவியின் கோளாறு. தகட்டின் கறுப்பு அலைநீளத்தோடு வழுவழுப்பாக மாறுவது. ஓசோன் உறிஞ்சுதலோ செங்குத்தாக மாறுவது. எஸ்.பி.யு.வி.யின் 306, 313 நானோமீட்டர் ஜோடியைப் பாருங்கள். இரண்டுக்கும் 7 நானோமீட்டர்தான் இடைவெளி, தகடு இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் கறுப்பாக்கும். ஓசோன் மட்டும் இரண்டையும் வேறு வேறாக நடத்தும்.

ஓசோன் உறிஞ்சாத அலைநீளங்களுக்கு அண்டார்டிகா, கிரீன்லாந்துப் பனிப்பரப்பே தராசு. வெள்ளைப் பனியின் எதிரொளிப்பு வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. பனி மங்கினால் மங்கியது கருவி.

#11 பழைய மானி

தென்றல் சொன்னது நியாயம். நானும் சூரியா மாதிரி தரைக் கட்சிதான், தென் துருவக் கதை எனக்கும் உறுத்தும். ஆனால் டாப்சனுக்கு ஒரு பெருமை உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. உலகத் தரக் கருவியான 83-ஆம் எண் டாப்சனை ஹவாயின் மவுனா லோவா மலைக்குக் கொண்டு போவார்கள். தூய காற்று, நிலையான வானம். காலையிலிருந்து சூரியன் ஏற ஏற ஒளி கடக்கும் காற்றின் தடிமன் குறையும். அளவுகளைக் கோடாக வரைந்து, தடிமன் பூச்சியமாக இருந்தால் என்ன வரும் என்று நீட்டிப் பார்த்தால் வளிமண்டலத்துக்கு வெளியே இருக்கும் சூரியன் கிடைக்கும். விளக்கும் வேண்டாம், தகடும் வேண்டாம். மற்ற டாப்சன்கள் அந்த 83-ஓடு பக்கத்தில் நின்று ஒப்பிட்டுக்கொள்ளும்.

இதே யோசனையை விண்வெளியில் செய்தது சேஜ்-2 என்ற செயற்கைக்கோள் கருவி, 1984 முதல் 2005 வரை. சூரியன் அடிவானத்தில் எழும்போதும் மறையும்போதும் வளிமண்டலத்தின் ஊடாகவும் அதற்கு மேலேயும் பார்க்கும். மேலே பார்த்ததால் வகுத்தால் போதும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருத்தம். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் முப்பது இடங்கள்தான் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது விண்வெளி ஓடத்தில் பறந்த எஸ்.எஸ்.பி.யு.வி., எஸ்.பி.யு.வி. வகைக் கருவிதான். 1989 முதல் 1996 வரை எட்டு முறை போய் வந்தது. ஏவுவதற்கு முன் ஆய்வகத்தில் சோதனை, பறக்கும்போது நோவா செயற்கைக்கோளோடு ஒரே இடத்தை ஒரே வேளையில் பார்ப்பது, இறங்கியதும் மறுபடி ஆய்வகம். சூரியா, "துடைக்க முடியாது" என்றீர்களே, இதை மட்டும் துடைக்க முடிந்தது. நோவா-11-இன் திருத்தம் நம்பத்தக்கதாக ஆனதில் இதற்குப் பெரிய பங்கு.

#12 கதிரொளி

ஐயா, உங்கள் பெட்டிக்குள் இருந்த வெள்ளைத் தகடு போல விண்வெளியிலும் ஒன்றை வைத்திருக்கலாமே?

#13 பழைய மானி

வைத்தார்கள்! 1991-ல் சோவியத் மீட்டியோர்-3-ல் போன டாம்ஸிலிருந்து மூன்று தகடுகள். ஒன்று பெரும்பாலும் வெளியே, ஒன்று இடைவெளி விட்டு, ஒன்று மிக அரிதாக. மூன்றையும் ஒப்பிட்டால் வெயில் பட்டதால் வந்த கறுப்பு தனியே பிரிந்துவிடும். இப்போது பறக்கும் ஓ.எம்.பி.எஸ். ஓசோன் கருவியிலும் இரண்டு: வேலைத் தகடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒப்பீட்டுத் தகடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நோவாவின் எஸ்.பி.யு.வி/2 கருவிகள் வேறு வழியில் போயின. உள்ளேயே ஒரு பாதரச விளக்கை வைத்துத் தகட்டின் எதிரொளிப்பை நேராக அளந்தார்கள்.

எர்த் புரோப்பிலும் மூன்று தகடுகள் இருந்தன. அங்கே கெட்டது கண்ணாடி.

#14 சூரியா

கெட்டுப் போன கருவியை ஏன் 2005 வரை ஓட்டினார்கள்? மாற்றியிருக்கலாமே?

#15 தென்றல்

மாற்றத்தான் பார்த்தார்கள். குவிக்டாம்ஸ் என்று ஒன்றைக் கட்டி 2001 செப்டம்பரில் ஏவினார்கள். ராக்கெட் கோளாறில் அது சுற்றுப்பாதைக்கே போகவில்லை. அதற்கு முன் ஜப்பானின் அடியோஸ், 1996 ஆகஸ்டில் போய் 1997 ஜூனில் செத்தது. அதிலும் ஒரு டாம்ஸ் இருந்தது. அதன் பிறகுதான் உலகப் பரப்பு முழுவதும் கிடைக்க எர்த் புரோப்பை 500 கிலோமீட்டரிலிருந்து 740-க்கு ஏற்றினார்கள். ஆக 2004-ல் ஔரா போகும் வரை டாம்ஸ் வரிசையைச் சுமந்தது இந்த மங்கிய கண்ணாடிதான்.

ஓ.எம்.ஐ. பற்றியும் கதிரொளிக்கு ஓர் எச்சரிக்கை. அதன் ஒளியியல் தேய்மானம் வியக்கும்படி குறைவு. பத்து வருடத்துக்கு மேல் போன பிறகும் பூமிப் பாதையில் 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் 2007 ஜூனிலிருந்து அதன் ஒளியுணரியில் சில வரிசைகளின் பார்வையை ஏதோ மறைக்கிறது. 2008, 2009-ல் பரவி, பிறகு ஏறக்குறைய பாதி வரிசைகள் போயின. வெப்பக் காப்புப் போர்வையின் ஒரு துண்டு கிழிந்து கருவிக்கு முன்னால் வந்துவிட்டதாகவே கருதுகிறார்கள். ஐயா சொன்ன கணக்கின்படி யோசியுங்கள்: மறைப்பது பூமிப் பாதையை மட்டும், சூரியப் பாதையை அல்ல. வகுத்தால் அடிபடாது. கோப்பில் அந்த வரிசைகளுக்குக் கொடி இருக்கும், கொடி உள்ளவற்றைக் கட்டாயம் நீக்குங்கள்.

#16 வளர்மதி

புதிதாக வருகிறேன், இழை முழுவதும் படித்தேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்று கேட்கலாமா? 2 சதவீதம், 4 சதவீதம் என்றெல்லாம் பேசுகிறீர்களே, இவ்வளவு சிறிய பிழைக்கா இத்தனை பாடு?

#17 தென்றல்

தாராளமாகக் கேளுங்கள் டீச்சர். நாம் தேடுவது அதைவிடச் சிறியது. ஓசோனை அழிக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-ல் கையெழுத்தானது. அதனால் ஓசோன் மீள்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி. உலக வானிலை அமைப்பின் 2022 மதிப்பீட்டின்படி 60 வடக்கு முதல் 60 தெற்கு வரை மொத்த ஓசோன், 1996-க்கும் 2020-க்கும் இடையில் பத்தாண்டுக்கு 0.3 சதவீதம் ஏறியிருக்கிறது. அதன் ஐயப்பாடும் அதே 0.3. நடு அட்சரேகைகளில், அடுக்கு மண்டலத்தின் மேல் பகுதியில் மட்டும் பத்தாண்டுக்கு 1.5 முதல் 2.2 சதவீதம் என்று தெளிவாகத் தெரிகிறது. இதை எர்த் புரோப்பின் 4 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கண்ணாடி, மீட்சியைப் போல பத்து மடங்குக்கு மேல் பிழை காட்டியது. அந்தக் கருவியை மட்டும் நம்பியிருந்தால் ஒப்பந்தம் தோற்றது என்று எழுதியிருப்போம்.

#18 வளர்மதி

இப்போது புரிகிறது. 0.3 என்றால் 300 டாப்சன் அலகில் ஒன்றுகூட வராது. பத்து வருடத்தில்! பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

#19 பழைய மானி

டீச்சர், கூடவே இதையும் சொல்லுங்கள். வானத்தில் இருக்கும் ஓசோன் முழுவதையும் கடல் மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து விரித்தால் 300 அலகு என்பது 3 மில்லிமீட்டர் தடிமன். அதில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத்தான் சுற்றுப்பாதையிலிருந்து அளக்கப் பார்க்கிறார்கள்.

தம்பி, திருத்திய கோப்பு கிடைத்ததா? சுவிட்சர்லாந்தின் அரோசாவில் 1926 முதல் பதிவு உண்டு, 47 பாகை. உங்கள் பட்டைக்குப் பக்கம். பழைய எர்த் புரோப், புதிய எர்த் புரோப் இரண்டையும் அதனோடு தனித்தனியே ஒப்பிட்டால் திட்ட அறிக்கைக்கு நல்ல ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

#20 கதிரொளி

கிடைத்தது ஐயா. நேற்று இரவு ஓட்டினேன், படி மறைந்துவிட்டது. தென்றல் அக்கா சொன்னபடி 2000-க்குப் பிந்தைய எர்த் புரோப்பைப் புள்ளிக்கோடாக மட்டும் காட்டி, போக்குக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு எஸ்.பி.யு.வி. கருவிகளை இணைத்த தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். மீட்டியோர்-3 நின்ற 1994 டிசம்பருக்கும் எர்த் புரோப் போன 1996 ஜூலைக்கும் நடுவே டாம்ஸே இல்லை. முதலில் அதை நேர்கோட்டால் நிரப்பியிருந்தேன், இப்போது வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

பழைய கோப்பை அழிக்கவில்லை. இரண்டையும் அரோசாவோடு வைத்து வரைந்து திங்கட்கிழமை இங்கே போடுகிறேன்.